அக்காவின் மெத்தை வெயிலில் கிடந்த நாட்கள்

மார்ச் 4, சனி

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அக்காவின் மெத்தையைச் சுருட்டி மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனேன். பல் கூடத் துலக்கவில்லை. இலவம் பஞ்சு மெத்தை பார்க்கத்தான் பெரிது. தோளில் போட்டால் தூங்குகிற குழந்தையைப் போல ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே வருகிறது.

வெயில் இன்னும் எங்கள் மாடிக்கு வந்து சேரவில்லை. கைப்பிடிச் சுவரில் மெத்தையை விரித்துவிட்டு, அது வரட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாம்பலம் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்று கிளம்பியது. முதலில் எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மஞ்சளானது. பிறகு எங்கள் கொடிக்கம்பி. பிறகு மெத்தையின் ஒரு மூலை.

பிருந்தா அபார்ட்மெண்ட்ஸ் கட்டி நாற்பத்திரண்டு வருடம் ஆகிறது. பன்னிரண்டு வீடு. மார்ச் பிறந்தால் எல்லார் வீட்டு மெத்தையும் தலையணையும் மாடிக்கு வந்துவிடும். எட்டு மணிக்கு மேல் போனால் சுவரில் இடம் கிடைக்காது; அடுத்தவர் மெத்தை மேல் பாதி நம் மெத்தையைப் போட வேண்டியதுதான்.

கீழ் வீட்டு ரேணுகா தலையணைகளோடு வந்தாள்.

"புதுசா கோமதி? நல்லா பொசுபொசுன்னு இருக்கே."

"ஆமா. இப்பத்தான் பஞ்சு போட்டு தெச்சது."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. டிசம்பரில் அக்கா இறந்தது இந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. எனக்கு ஓர் அக்கா இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. போன மாதம் திருச்சிக்குப் போய், அவள் இருபது வருடம் தங்கியிருந்த பெண்கள் விடுதியிலிருந்து ஒரு தகரப் பெட்டியையும் இந்த மெத்தையையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தேன். "மெத்த வேணாங்க, இங்கயே விட்டுட்டுப் போங்க" என்று வார்டன் இரண்டு தடவை சொன்னார். நான் கேட்கவில்லை.

மார்ச் 7, செவ்வாய்

முழங்கைக்கு உள்பக்கம் மூன்று தடிப்பு, ஒரே வரிசையில். கொசு.

மார்ச் 10, வெள்ளி

பள்ளிக்கூட நூலகத்தில் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுச் சின்ன அறையில் படுத்தேன். ஒரு மாதமாக இரவும் இங்கேதான். வீட்டுக்காரருக்குக் குறட்டை.

இந்த அறையில் மதிய வெளிச்சம் நேராக வராது. எதிர்க் கட்டடத்துச் சுவரில் பட்டு, அங்கிருந்து நீலமாக வரும். அதில் படுத்துக்கொண்டிருந்தால் தண்ணீருக்கு அடியில் இருப்பது போலிருக்கிறது. எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. மெத்தைக்குள் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. அக்கா அதற்கு நடுவில் நின்று ஒவ்வொரு கறுப்பு விதையாகப் பொறுக்கித் தாவணி முனையில் முடிந்துகொண்டிருந்தாள். "ஏட்டி கோமு, எடம் பத்துமா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். வாயெல்லாம் பஞ்சு.

விழித்தபோது மெத்தையின் தையல் ஓரத்தில் ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. விதை என்றுதான் நினைத்தேன். விதைக்குக் கால் கிடையாது.

நான் விலங்கியல் படித்தவள். மூன்றாம் வருட ரெக்கார்டு நோட்டில் மூட்டைப்பூச்சியை நான் வரைந்த படத்தைப் பேராசிரியை வகுப்பு முழுக்கக் காட்டினார். தட்டையான நீள்வட்டம், ஆறு கால், கழுத்துக்கு இரண்டு பக்கமும் தோள்பட்டை மாதிரி ஒரு விரிவு. பசித்திருந்தால் காகிதம் போல மெலிந்திருக்கும். இது மெலிந்திருக்கவில்லை.

உணவே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்றும் படித்திருக்கிறேன். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினேன். பிறகு எழுந்து போய்க் குக்கர் வைத்தேன். திரும்பி வந்து பார்த்தபோது அது இல்லை. நசுக்கியிருக்கலாம். தவறிவிட்டது.

மார்ச் 19, ஞாயிறு

காஞ்சிபுரத்தில் இவருடைய சித்தப்பா பெண்ணின் கல்யாணம் முடிந்து இன்று மதியம்தான் திரும்பினோம். நேற்றுக் காலை கிளம்பும் அவசரத்தில் மெத்தையை மாடியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். சாயங்காலம் சென்னையில் நல்ல மழையாம். ஆட்டோக்காரர் சொன்னார்.

கதவைத் திறப்பதற்குள் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். பதினோராம் எண் வீட்டுப் பெண், செல்வக்கனி. எங்கள் வீட்டுக்கு நேர் மேலே மூன்று பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். மூவரும் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. கடை விடுதியிலிருந்து வெளியே வந்து சொந்தமாக வீடு எடுத்து ஒரு வருடம் ஆகிறது.

"எக்கா, ஒங்க மெத்த எங்க வீட்ல கெடக்கு. நேத்து மழ சடசடன்னு வந்துட்டுல்லா. இலவம் பஞ்சு நனஞ்சா அவ்வளவுதான், கட்டியா போயிரும்லா. நானும் ஜெபாவும் தூக்கிட்டு வந்துட்டோம்."

இந்தக் கட்டடத்தில் என்னை எல்லோரும் மேடம் என்றோ ஆன்ட்டி என்றோதான் கூப்பிடுவார்கள். எக்கா என்று கேட்டு எவ்வளவு காலமாயிற்று. உடன்குடிப் பக்கமாம். நான் சங்கரன்கோவில் என்றேன். "அதான பாத்தேன், மொகத்துலயே தெரியுது" என்று சிரித்தாள். என் பேச்சில் தெரியவில்லை என்பதை நாசூக்காகச் சொல்கிறாள்.

மெத்தையைத் தூக்கி வரும்போது சொன்னாள்: "கோவிச்சுக்கிடாதீங்கக்கா. நாங்க பாயிலதான் படுப்போம். நேத்து ஒரு நாள் மூணு பேரும் மாறி மாறி இதுல படுத்துக்கிட்டோம். ஏ யப்பா, மேகத்துல படுத்த மாதிரில்லா இருந்துச்சு!"

நல்ல பெண்கள். கல்யாண வீட்டு அதிரசம் ஒரு டப்பா கொடுத்தேன்.

ஏப்ரல் 1, சனி

சிலிண்டர் வந்தது. மாவு புளித்துவிட்டது. சின்ன அறையில் நாஃப்தலின் உருண்டை போட்டேன். வேப்பிலையும்.

ஏப்ரல் 9, ஞாயிறு

மாடியில் ரேணுகா என்னை ஓரமாக இழுத்தாள்.

"விஷயம் தெரியுமா? மூட்டப்பூச்சி! என் பையன் முதுகெல்லாம் தடிச்சுப் போச்சு. நாலாம் நம்பர்லயும் இருக்காம், வெக்கப்பட்டுக்கிட்டு வெளிய சொல்லல."

"எங்கேருந்து வந்திருக்கும்?"

"வேற எங்க? அந்தத் துணிக்கடைப் பொண்ணுங்கதான். ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல இருபது பேரு படுத்துக் கெடந்ததுங்க. மூட்டையக் கட்டும்போது அதையும் சேத்துக் கட்டிக்கிட்டு வந்திருக்குங்க."

"அவங்க வந்து ஒரு வருஷம் ஆச்சே ரேணுகா."

"இருக்கட்டுமே. பெருக நாளாகும் இல்ல?"

முட்டை பொரிய ஒரு வாரம், பத்து நாள். பொரிந்தது வளர்ந்து முட்டையிட ஐந்து வாரம், ஆறு வாரம். இதை அவளிடம் சொல்லவில்லை. இலைக்கட்டு வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். வீட்டில் வாழை இலை போடும் விசேஷம் எதுவும் இல்லை.

ஏப்ரல் 13, வியாழன்

இந்த வருடம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் முறை எங்கள் வீட்டுக்கு. இவருக்கு அதில் ஒரு சந்தோஷம்; ஓய்வு பெற்ற பிறகு கையெழுத்துப் போட ஒரு காகிதம் கிடைத்திருக்கிறது. எல்லா வீட்டையும் ஒரே நாளில் பரிசோதிக்கப் பூச்சிமருந்து ஆளை வரச் சொல்லியிருக்கிறார். பத்தொன்பதாம் தேதி.

"நம்ம வீட்டுலயும் பாப்பாங்களா?" என்று கேட்டேன்.

"செகரட்டரி வீட்டுலதான் மொதல்ல பாக்கணும். அதான் முறை."

ஏப்ரல் 19, புதன்

காலை ஆறு மணிக்கு மெத்தையை மாடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தேன். வெயிலில் காயட்டும் என்று. அந்தப் பக்கம் வெயில் குறைவுதான்.

பூச்சிமருந்துக்காரர் பெயர் தணிகாசலம். ஐம்பது வயதிருக்கும். முதுகில் மருந்து டப்பா கூட இல்லை; ஒரு டார்ச்சும் காலாவதியான ஏடிஎம் கார்டும்தான். கட்டில் இடுக்குகளில் கார்டை விட்டு மெதுவாக இழுக்கிறார், நல்ல டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதுபோல. பின்னாலேயே நடந்துகொண்டிருந்தேன்.

"இதோ பாருங்க மேடம், பால்பாயிண்ட் பேனால புள்ளி வச்ச மாதிரி. அது எச்சம். இது உரிச்சுப் போட்ட தோலு. எந்த எடத்துல தோலு அதிகமா கெடக்குதோ அதான் தாய்வூடு. அதக் கண்டுபுடிக்காம மருந்தடிச்சா எனக்குக் கூலி, உங்களுக்கு ஒண்ணும் இல்ல. மறுபடி வந்துடும்."

"கண்டுபிடிச்சா?"

"மெத்தன்னா கொளுத்திட வேண்டியதுதான். இலவம் பஞ்சுல பூந்துச்சுன்னா எந்த மருந்தும் உள்ள போவாது."

எங்கள் வீட்டுச் சின்ன அறையில், சுவர் ஓரத்தில், நான்கு கிடைத்தன. மேல் வீட்டுப் பெண்களின் பாய் மடிப்புகளிலும் சுவர் அலமாரியிலும் நிறையக் கிடைத்தன. ரேணுகா படியில் நின்றுகொண்டு, "நான் சொன்னேன்ல?" என்றாள். செல்வக்கனி வாசலில் நின்று தன் வீட்டைத் தானே முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தணிகாசலம் கடைசியாக மாடிக்குப் போய்விட்டு வந்தார். நான் தனியாக இருக்கும்போது கேட்டார்.

"தொட்டிக்குப் பின்னால ஒரு மெத்தை கெடக்குதே மேடம். அது யாருது?"

தெரியாது என்றேன்.

ஏப்ரல் 20, வியாழன்

தூக்கமே இல்லை. மெத்தை அறைக்குத் திரும்பிவிட்டது.

ஏப்ரல் 25, செவ்வாய்

கோயம்புத்தூரில் இருக்கும் பதினோராம் எண் வீட்டு உரிமையாளருக்குச் சங்கத்தின் சார்பில் கடிதம் போய்விட்டது. கீழே இவருடைய கையெழுத்து. பெண்களைக் காலி செய்யச் சொல்ல வேண்டும் என்று. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தீர்மானமாகப் போட்டுவிட்டால் தானும் சொல்லிவிடுவதாக அவர் பதில் அனுப்பியிருக்கிறார்.

மாலையில் செல்வக்கனியைப் படியில் பார்த்தேன். வழக்கமாக ஒன்பதரைக்குத்தான் வருவாள். இன்று ஆறு மணிக்கே படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை தடிப்பு. சொறிந்து சொறிந்து ஒன்று புண்ணாகியிருந்தது.

"பட்டுச் சேல விரிச்சுக் காட்டுதப்ப ஒரு அம்மா கையப் பாத்துட்டாவ. இது என்ன நோயின்னு கேட்டுட்டாவ. சூப்பர்வைசர் என்னய குடோனுக்கு மாத்திட்டாருக்கா. அங்க போனா கமிஷன் கெடையாது. இந்த வீட்டையும் விட்டா ஹாஸ்டலுக்குத்தான் போவணும். அங்க ராத்திரி பத்து மணிக்குப் பூட்டிருவாவ. போனு கூட வாங்கி வச்சுக்கிடுவாவ."

"வேற வீடு பாக்கலாமே."

"மூணு பொட்டப்புள்ளைகளுக்கு யாருக்கா வீடு தருவா? இத்தனைக்கும் நாங்க எங்கேருந்து கொண்டுவந்தோம்னே வெளங்கலக்கா. தெனமும் பாயைத் தட்டித்தான் போடுதோம். என்ன தப்பு செஞ்சோம்னு தெரிஞ்சா திருத்திக்கிடலாம்லா?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தேகம் இல்லை அதில். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள். வேப்பெண்ணெய் தடவச் சொன்னேன்.

ஏப்ரல் 27, வியாழன்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை வேறு யாரும் படிக்கப்போவதில்லை.

நாலு வருடத்துக்கு முன் அக்கா போன் செய்தாள். அவள் டைப் அடித்துக்கொண்டிருந்த கம்பெனி மூடிவிட்டது. "கொஞ்ச நாளு ஒன்கூட வந்து இருக்கட்டுமா கோமு? அந்தச் சின்ன ரூம்ல ஒரு ஓரமா இருந்துக்கிடுதேன். எடம் பத்துமா?" என்றாள். நான் கதவோரத்தில் நின்று அந்த அறையைப் பார்த்தேன். அதில் ஒரு தையல் மெஷினும் பழைய பேப்பர்க் கட்டும் இருந்தன. "இடம் இல்லக்கா" என்றேன். பிறகு, "சரி, மெஷின வித்துராத, அது நல்ல மெஷினு" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. சண்டை போட்டதாகத்தான் இவரிடம் சொல்லி வைத்தேன். சண்டை என்றால் இரண்டு பேரும் பேசியிருக்க வேண்டும்.

விடுதியில் அவள் அறையைத் திறந்து காட்டியபோதே சுவரில் புள்ளிகளைப் பார்த்தேன். கட்டில் சட்டம் முழுக்கப் பேனாப் புள்ளி. நான் விலங்கியல் படித்தவள். பார்த்த உடனேயே தெரிந்தது. தெரிந்துதான் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அவளைக் கடித்த பூச்சிகள் அவை. அவள் ரத்தம் இரண்டு மாதம் அவற்றின் உடம்பில் இருந்திருக்கும். பிறகு என்னுடையது. இதைப் படித்தால் பைத்தியம் என்பார்கள். ஆனால் ஒவ்வொரு காலையிலும் தடிப்புகளைத் தொட்டுப் பார்க்கும்போது, இந்த நாலு வருடத்தில் முதல் தடவையாக அவளோடு ஒரே வீட்டில் இருப்பது போலிருந்தது. அதனால்தான் நசுக்கவில்லை. தவறவில்லை.

மேல் வீட்டுப் பெண்கள் நினைத்திருந்தால் மெத்தையை நனையவிட்டிருக்கலாம். இப்போது அவர்களுக்கு இடம் இல்லை என்று சொல்லப்போகிறோம்.

ஏப்ரல் 28, வெள்ளி

காலையில் இவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். "ஏங்க, அந்தப் பொண்ணுங்க கொண்டுவரல. அக்கா மெத்தையிலதான் வந்துச்சு."

பேப்பரை இறக்கவில்லை. "தெரியும்" என்றார்.

"எப்ப?"

"தணிகாசலம் எங்கிட்டயும் கேட்டான், தொட்டிக்குப் பின்னால கெடக்கறது யாரு மெத்தைன்னு. போய்ப் பாத்தேன். தெரியாதுன்னு சொல்லிட்டு வந்தேன்."

"தெரிஞ்சுமா கடிதத்துல கையெழுத்துப் போட்டீங்க?"

அப்போதுதான் பேப்பரை மடித்தார். "பின்ன என்ன பண்ணச் சொல்ற? ரேணுகா ஊரெல்லாம் சொல்லுவா, செகரட்டரி வீட்டுலேருந்துதான் வந்துச்சுன்னு. உங்க அக்கா எங்க இருந்தா, எப்படி இருந்தா, ஏன் இங்க வரலன்னு ஒவ்வொண்ணா கேப்பாங்க. உன்னால பதில் சொல்ல முடியுமா கோமு? உனக்காகத்தான் போட்டேன்."

எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். முப்பது வருடம் துறைமுகத்தில் கனமான சாமான்களை இறக்க வைத்த மனிதர், பூ வைக்கிற மாதிரிதான் கை வைப்பார்.

"கூட்டம் முடியட்டும். திங்கக்கிழம சத்தமில்லாம மெத்தைய அவன் வண்டில ஏத்தி விட்ருவோம். பொண்ணுங்களும் சின்ன வயசு, எங்கயாவது பொழச்சுக்கும்."

வெட்கத்தோடு எழுதுகிறேன்: முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது. முழுசாக ஒரு மணி நேரம் நிம்மதியாக இருந்தது. கத்தரிக்காய் நறுக்கினேன், ரசத்துக்குப் புளி கரைத்தேன், ஏதோ பாட்டு கூட முணுமுணுத்தேன். மேலே யாரோ சாமான்களை இழுக்கும் சத்தம் கேட்டது. அட்டைப்பெட்டியில் டேப் ஒட்டும் சத்தம். நீளமாக, கிழிப்பது போல, மறுபடி மறுபடி.

மதியம் தூங்கினேன். கனவில் ஒரு கட்டடம், எங்கள் கட்டடம்தான், பஞ்சால் ஆனது. படி ஏறினால் கால் புதைந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் யாரோ மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, கதவு திறக்கக் காத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருப்பது நான்தான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எல்லா வீட்டுக்குள்ளும்.

ஏப்ரல் 29, சனி

எங்கள் சங்கத்தில் தீர்மானங்களைக் கூட்டத்துக்கு முந்தின நாளே நோட்டில் எழுதிவிடுவது வழக்கம். கூட்டத்தில் அதை வாசிப்பார்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள், போண்டா சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். பதினொரு வருடமாக யார் செயலாளர் ஆனாலும் எழுதுவதும் எழுந்து நின்று வாசிப்பதும் நான்தான். கையெழுத்து அழகாக இருக்கிறதாம். குரலும் தெளிவாம்.

இவர் ஒரு துண்டுக் காகிதத்தில் குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று தீர்மானம். ஒன்று, தண்ணீர்த் தொட்டி கழுவுவது. இரண்டு, வாசல் விளக்கு. இரண்டையும் எழுதினேன். மூன்று என்று போட்டுவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக நீல வெளிச்சம் நோட்டின் மேல் வந்து நின்றது.

பிறகு எழுதினேன்:

"3. நம் கட்டடத்துக்கு மூட்டைப்பூச்சி வந்தது எட்டாம் எண் வீட்டின் வழியாக. கடந்த டிசம்பரில் திருச்சியில் காலமான என் அக்கா ஆவுடைநாயகியின் மெத்தையில் அவை இருந்தன. தெரிந்தே நான் அதைக் கொண்டுவந்தேன். மாடியில் எல்லோருடைய மெத்தைகளோடும் காயப்போட்டேன். பதினோராம் எண் வீட்டுப் பெண்கள் அதை மழையில் நனையாமல் எடுத்து வைத்தார்கள். அதனால் அவர்கள் வீட்டுக்கும் போனது. அவர்கள் காலி செய்ய வேண்டியதில்லை. உரிமையாளருக்கு அனுப்பிய கடிதம் திரும்பப் பெறப்படுகிறது. செல்வக்கனியின் கடை மேற்பார்வையாளரிடம் நானே நேரில் போய்ப் பேசுவேன்."

அக்காவின் பெயரை நான் கையால் எழுதி எத்தனையோ வருடம் ஆகிறது. அதில் 'வு' மட்டும் சரியாக வரவில்லை. அடிக்காமல் அப்படியே விட்டுவிட்டேன்.

இவர் எட்டிப் பார்த்தார். "எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"ஒரு தடவ பாத்துரட்டுமா?"

"நாளைக்கு வாசிக்கும்போது கேக்கத்தானே போறீங்க."

"அதுவும் சரிதான். போண்டா இருபத்தஞ்சு சொன்னாப் போதுமா? ரேணுகா வீட்டுல நாலு பேரும் வருவாங்க."

"முப்பது சொல்லுங்க. மேல் வீட்டுப் பொண்ணுங்களும் இருப்பாங்க."

என்னைக் கொஞ்சம் விசித்திரமாகப் பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

நாளை ஐந்து மணிக்கு அவருடைய பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்து நின்று இதைத்தான் வாசிக்கப்போகிறேன். ஒரு சொல்லும் விடாமல். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, அவரிடமும்.